மூணு வருஷமா வேலை செய்யறேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

யாங்கூன் தாமுவேயிலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. சிங்கப்பூர் வேலைக்கு போன்ல இன்டர்வியூவாம், "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஒர்க்கிங் தேர்?"னு கேட்டதுக்கு "ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்"னு சொல்லிருக்காங்க, அந்தப் பக்கம் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாங்களாம், என்ன தப்புன்னு புரியல.

தப்பு ரெண்டு எடத்துல இருக்கு தங்கச்சி. அன்னைக்கு சேந்தீங்க, இன்னைக்கும் அங்கதான் இருக்கீங்க, அப்படி தொடந்து வர்ற விஷயத்துக்கு கேள்வியிலயும் ஹேவ் பீன், பதில்லயும் ஹேவ் பீன். அடுத்தது, எவ்வளவு காலம்னா ஃபார், எப்பலருந்துன்னா சின்ஸ். "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்", இல்லாட்டி சேந்த வருஷத்தப் போட்டு "சின்ஸ் 2022" மாதிரி. வேலைய விட்டாச்சுன்னா "ஹவ் லாங் டிட் யூ ஒர்க் தேர்?", அதோட முடிஞ்சுது.

"ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" வேற கேள்வி. சாங்கி ஏர்போர்ட் கவுன்டர்ல இப்படிக் கேட்டா, மொத்தம் எத்தனை நாள் தங்கப்போறீங்கன்னு அர்த்தம். நீங்க "சின்ஸ் மார்னிங்"னு சொன்னா அந்த ஆபீசர் முழிப்பாரு.

இன்னொண்ணு, இதுல நல்லா படிச்சவங்களே வழுக்குறாங்க. நோ (தெரியும்), ஹேவ் (வச்சிருக்கேன்), ஓன் (சொந்தமா இருக்கு) மாதிரி நிலைமையச் சொல்ற வார்த்தைக்கு, ஒர்க்கிங்ல கடைசியா வர்ற இந்த இங் ஒட்டாது. மேனேஜர எத்தனை நாளா தெரியும்னா "ஹவ் லாங் ஹேவ் யூ நோன் ஹிம்?", பீன் நோயிங் கெடையாது. போன் எத்தனை நாளா வச்சிருக்கீங்கன்னா "ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் போன்?", ஹேவ் ஹேட்னு ரெண்டும் பக்கத்துல வர்றதப் பாத்து பயப்படாதீங்க, அதுதான் சரி. லிவ், ஒர்க் ரெண்டுக்கும் இங் போட்டாலும் போடாட்டியும் ஓடும்.

இப்ப முக்கியமானது. "அம்பது கேள்வி அம்பது பதில்"னு ஜெராக்ஸ் கட்ட வித்துட்டு, ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைல மார்க் கேரண்டின்னு காசு புடுங்குற ஏஜென்டுங்க கிட்ட போகாதீங்க. அந்த மார்க்க எந்த புரோக்கராலயும் கேரண்டி பண்ண முடியாது. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா எக்சாமினர் கண்டுபிடிச்சுருவாரு, கேள்விய மாத்துவாரு, ஜெராக்ஸ்ல அது இருக்காது. பள்ளிக்கூடமும் வருஷக்கணக்கா கோடிட்ட எடத்த நிரப்பத்தானே சொல்லுது, வாயத் தொறந்து ஒரு கேள்வி கேக்க விட்டாங்களா? அதனாலதான் ஏஜென்ட் காட்டுல மழை.

காசு செலவில்லாம ஒண்ணு பண்ணுங்க. வேலை, வீடு, சிநேகிதி, போன் இந்த நாலப் பத்தியும் ஹவ் லாங் கேள்விய வீட்ல யாரையாச்சும் உங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க, ஃபார் போட்டு ஒருதரம், சின்ஸ் போட்டு ஒருதரம் சத்தமா பதில் சொல்லுங்க.