அப்டேட் போட்டதும் கன்ஃபிக் காணோம்: கேள்வி பதில்

கேள்வி: சார், உபுண்டு லினக்ஸ் சர்வரில் அப்கிரேட் பாதியில் நின்று ஏதோ கேட்டது. அவசரத்தில் 'ஒய்' அடித்தேன். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் கன்ஃபிக்கில் (அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பு) செய்திருந்த மாற்றமெல்லாம் போச்சு. திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், பதறாதீர்கள். அதே அடைவில், அதே பெயரின் கடைசியில் 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற ஒட்டோடு ஒரு கோப்பு இருக்கும். அதுதான் உங்களுடையது.

நடந்தது இதுதான். பேக்கேஜை நிறுவும்போது அதன் கன்ஃபிக் கோப்பின் எம்டி5 மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே மாறினால் இதுவும் மாறும்) டிபிகேஜி என்ற பேக்கேஜ் நிறுவும் கருவி குறித்து வைத்துக்கொள்ளும். அப்கிரேடின்போது அந்தக் குறிப்பு, உங்களிடம் இப்போது இருக்கும் கோப்பு, புதிதாக வந்த கோப்பு மூன்றையும் ஒப்பிடும். நீங்கள் கை வைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் புதியதைப் போட்டுவிடும். நீங்கள் மட்டும் மாற்றியிருந்தால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் நிறுத்திக் கேட்கும். வெறும் என்டர் தட்டினாலே உங்கள் கோப்பு தங்கும். புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற ஒட்டோடு பக்கத்தில் உட்காரும். 'டி' அடித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். யாரும் அடிப்பதில்லை, ஆனால் முதலில் அடிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: என்னிடம் எதுவுமே கேட்கவில்லையே அண்ணா! யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருந்த, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பைத் திருத்தியிருந்தேன். அப்டேட்டுக்குப் பிறகு பழையபடி ஆகிவிட்டது.

கேட்காது தம்பி. அந்தக் கேள்வியெல்லாம் பெரும்பாலும் கன்ஃபிக் கோப்புகளுக்கான ஈடிசி அடைவில் இருப்பவற்றுக்குத்தான். யூஎஸ்ஆருக்குள் இருப்பது பேக்கேஜின் சொத்து, அதில் நீங்கள் எழுதியது வாடகை வீட்டுச் சுவரில் எழுதியது மாதிரி. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று சர்வீஸின் பெயரைக் கொடுத்துத் திறங்கள். உங்கள் வரிகள் மட்டும் ஈடிசிக்குள் 'ஓவர்ரைடு' கோப்பாகத் தனியே சேரும், எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியை மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் அதே பெயரில் ஒரு காலி வரி போட்டுவிட்டு அடுத்த வரியில் புதியதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று முரண்டு பிடிக்கும்.

கேள்வி: ஃபெடோரா, ஆர்ச் லினக்ஸ்களில் எப்படி?

இரண்டும் நிறுத்திக் கேட்காது. ஃபெடோராவில் 'ஆர்பிஎம்நியூ' என்ற ஒட்டோடு கோப்பு வந்தால் உங்களுடையது தப்பியது, 'ஆர்பிஎம்சேவ்' என்றால் உங்களுடையதை ஓரங்கட்டிவிட்டுப் புதியது உட்கார்ந்துவிட்டது. ஆர்ச்சில் உங்களுடையது தங்கும், புதியது 'பேக்நியூ' என்ற ஒட்டோடு வரும். அங்கே இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் 'பேக்டிஃப்' கட்டளையை அவ்வப்போது ஓட்டுங்கள்.

கேள்வி: என் வேர்ட்பிரஸ் தளத்தில் தீம் அப்டேட் கொடுத்ததும் 'ஃபங்ஷன்ஸ்' கோப்பில் நான் சேர்த்த கோட் முழுக்க அழிந்துவிட்டது. எங்காவது இருக்குமா?

இருக்காதம்மா. தீம் அப்டேட் என்றால் பழைய ஃபோல்டரை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதான். ஹோஸ்டிங்காரரிடம் பேக்கப் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள், சில நாட்களில் அதன் மேலும் புதிய பேக்கப் ஏறிவிடலாம். இனி சைல்டு தீம் (மூல தீமைச் சார்ந்து, உங்கள் மாற்றங்களை மட்டும் வைக்கும் தனி தீம்) உருவாக்கி அதில் எழுதுங்கள். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தீம்களுக்குத் தானியங்கி அப்டேட் வசதி உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால், நீங்கள் பட்டனைத் தொடாமலே இது நடக்கும்.

கேள்வி: இதெல்லாம் லினக்ஸ், வேர்ட்பிரஸ்காரர்கள் தலைவலி. விண்டோஸில் இல்லையே?

அப்படியா? 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பை நினைத்துப் பாருங்கள். டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, சில கோப்புகளைப் பழைய இடத்திலேயே விட்டிருந்தவர்களுக்கு அந்தப் பழைய இடம் கோப்புகளோடு அழிக்கப்பட்டது. கன்ஃபிக் கூட இல்லை, சொந்தக் கோப்புகள்! மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் விநியோகத்தை நிறுத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட்டது.

கேள்வி: நிறைய சர்வர்கள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. கேட்காமல் பழைய கோப்பையே வைத்துக்கொள்ளச் சொல்லும் டிபிகேஜியின் 'ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட்' போட்டுவிட்டால் போதுமா?

அப்கிரேட் நிற்காமல் ஓடும், ஆனால் போதாது. எப்போதும் பழையதையே வைத்துக்கொண்டு போனால், புதிய பதிப்பு கைவிட்ட ஓர் அமைப்பு உங்கள் கோப்பில் மிச்சமிருந்து, சர்வீஸே எழும்பாமல் போகலாம். புதிய பாதுகாப்பு அமைப்புகளும் உள்ளே வராது. 'டிபிகேஜி-டிஸ்ட்' கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். 'ஈடிசிகீப்பர்' நிறுவினால், அப்கிரேட் செய்யும் ஆப்ட் கட்டளை ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஈடிசி அடைவின் நிலையை 'கிட்' என்ற மாற்ற வரலாறு காக்கும் கருவியில் தானாகவே பதிந்துவைக்கும். அந்தக் களஞ்சியத்தை மட்டும் கிட்ஹப்பில் பொதுவாக ஏற்றிவிடாதீர்கள். கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் 'ஷேடோ' கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது.