டேப்லெட் இல்லாமல் ஒரு வாய்கூட இறங்கவில்லை

கேள்வி: என் மகனுக்கு 3 வயது, மகளுக்கு 8 மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். டேப்லெட்டில் ஏதாவது ஓடினால்தான் மகன் வாயைத் திறக்கிறான். வாங்கி வைத்தால் தரையில் புரண்டு அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை வெளியே போனாலும் காரில் போன் கொடுத்தால்தான் அமைதி. போன வாரம் பார்த்துக்கொண்டே வந்தவன் வாந்தி எடுத்துவிட்டான். திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் சண்டை. ‘இந்தக் காலத்துப் பிள்ளை, விடு’ என்கிறார் கணவர். மாமியாரோ என்னைத்தான் குறை சொல்கிறார். டேப்லெட்டை மொத்தமாகப் பிடுங்கிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

மொத்தமாகப் பிடுங்க வேண்டாம். ஆனால் சாப்பாட்டு நேரத்திலிருந்து மட்டும் அதை உடனே எடுத்துவிடுங்கள். மற்றதை மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வந்து, இடுப்பில் ஒன்றும் காலைக் கட்டிக்கொண்டு ஒன்றுமாக நிற்கும்போது கை கொஞ்சம் ஓயட்டும் என்றுதான் அது உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இதற்காக உங்களை நீங்களே கரித்துக்கொட்டிக்கொள்ளாதீர்கள். மாமியார் குறை சொன்னால் பதிலுக்குப் பேச வேண்டாம். ‘அத்தை, அவன் சாப்பிடும்போது நீங்களும் கூட உட்காருங்க’ என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கும் அது நல்லது.

சாப்பாட்டில் இருந்து ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்றால், படம் பார்க்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. வாய் தானாகத் திறக்கிறது, நீங்கள் ஊட்டுகிறீர்கள். எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொன்ன ஒரு பங்கீடு உண்டு: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அவன் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். முதல் சில நாள் பாதி வயிறோடு எழுந்திருப்பான். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை அடுத்த வேளையில் ஈடுகட்டிவிடும். எடை குறைகிறது என்றால் மட்டும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது அந்த அழுகை. ஒரு வீடியோ முடிந்த மறுநொடியே அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. 3 வயதுக் குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாது, ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்றாலும் புரியாது. முடிவே இல்லாத ஒன்றின் நடுவில் யாரோ வந்து பிடுங்கினால் அவன் வேறென்ன செய்வான்? அதனால் முடிவை நீங்கள் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இரண்டு குட்டிக் கதைகளை முன்பே டவுன்லோட் செய்து, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது கதை முடியப்போகும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘இப்ப யாரு வந்தா? எங்கே போறான்?’ என்று கேளுங்கள். அவன் திரையைக் காட்டி ஏதாவது சொல்வான், ஒருமுறை உங்கள் முகத்தையும் பார்ப்பான். கதை முடிந்ததும் ‘நீயே அணைச்சிடு’ என்று பட்டனை அவன் விரலுக்கு விடுங்கள். கையோடு அடுத்து என்ன என்பதும் தயாராக இருக்க வேண்டும்: குளியலோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, எதுவானாலும் சரி.

முதல் சில நாளில் அழுகை குறையாது, கூடும். அப்போது மனம் இளகித் திருப்பிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அழட்டும், பக்கத்தில் இருங்கள், ஆனால் கொடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்களும் கணவரும் மாமியாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும்.

கணவர் ‘விடு’ என்கிறாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் குறைவாக இருந்தால் நல்லது. 3 வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், நாள் முழுவதுமாகச் சேர்த்து 180 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதில் எதிரே பதில் சொல்ல ஒரு முகம் இருக்கிறது.

முகம் என்றதும் உங்கள் மகள் நினைவுக்கு வருகிறாள். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவை, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். நாம் போனைக் குனிந்து பார்க்கும்போது நம் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. எனவே மகனின் டேப்லெட்டுக்கு விதி போடும் முன், உங்கள் இருவரின் போன்களும் சாப்பாட்டு நேரத்தில் வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும். அப்பா கையில் போன் இருக்கும் வரை பையன் எதையும் கேட்க மாட்டான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. காரில் குனிந்து திரையைப் பார்க்கும்போது, உள்காது ‘நகர்கிறோம்’ என்கிறது, கண் ‘இல்லை’ என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம். அதனால் காரில் போன் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், சிவப்பு வண்டி எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

நீங்கள் சண்டையோடு திரும்பி வருவதற்குக் காரணம், பெரியவர்களுக்கான திட்டத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் ஓர் இடம் போதும். பகல் தூக்கத்துக்கு முன் வீடு திரும்பிவிடுகிற மாதிரி போங்கள். போய் இறங்கியதும் முதலில் அவனை ஓட விடுங்கள். எங்காவது உட்கார வேண்டுமானால் அதற்கு அப்புறம். ஒரு மணி நேரம் அவன் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாலும் அது நல்ல ஞாயிறுதான். வெளிச்சத்தில் இருப்பது கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோவில் 6 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். 3 ஆண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. அப்படி வெளியே போகாத பிள்ளைகளில் அது 39.5 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு இது.

3 வயதில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாமல் இருந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, டேப்லெட்டால்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 8 மாதக் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும். ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, கார் சாவி, எடை மெஷின் எல்லாவற்றிலும் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கலாம். அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். இன்று இரவே கணவரை ஒரு ஸ்குரூடிரைவரோடு உட்காரச் சொல்லி, எல்லா மூடிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.