மேடேறினால் கொதிக்கும் பழைய ஆம்னி: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி, எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும்) எஞ்சின். வாரம் இருமுறை சத்தியமங்கலத்திலிருந்து உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திம்பம் வழியாகத் தாளவாடியில் உள்ள எங்கள் தோட்டத்துக்குப் போகிறேன். சமதளத்தில் ஒரு தொல்லையும் இல்லை. பண்ணாரி தாண்டி வளைவுகள் தொடங்கியதும் சூட்டு முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. மெக்கானிக் ஒருவர் தண்ணீர் பம்பை மாற்றினார், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார், ரேடியேட்டர் விசிறியைச் சாவி போட்டதுமே ஓடும்படி நேரடியாக இணைத்தார். அதன் பிறகும் மேட்டில் கொதிக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. கியர் போட்டுக் கிளம்பும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது. பக்கவாட்டுக் கதவு இறுகிவிட்டது. சில நாட்களாக உள்ளே லேசாகப் பெட்ரோல் வாடையும் வருகிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெட்ரோல் வாடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தீரும்வரை வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஆம்னியின் 796 சிசி எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால், நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே, ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகும் ஓர் எஞ்சினின் மேல்தான் அது சொட்டும். இந்த இரண்டு கோளாறுகளும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் இருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

வாடை எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் கசிவு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டாங்க்கை நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்தால், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டாங்க்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயையும் அதை ஒட்டிய காற்றுக்குழாயையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் வாடை எழுந்தால், கசிவு அழுத்தம் உள்ள பக்கத்தில், அதாவது பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை செல்லும் வழியில் இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது இருக்கையைத் தூக்கி வைத்துவிட்டு, ஒருவரைச் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பச் சொல்லுங்கள். பம்ப் ஓரிரு விநாடிகள் ஓடி அழுத்தம் ஏற்றும். அந்த நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் குழாய் இணைப்புகளைப் பார்த்தால், ஈரம் படர்வதையோ, கிளிப்புக்கு அடியில் ஒரு துளி திரள்வதையோ காணலாம். பழைய ரப்பர் குழாயை விரலால் மெல்ல வளைத்தால் வெளிப்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். தோட்டத்தில் நிற்கும் வண்டி என்பதால் எலி கடித்த தடமும் இருக்கலாம். பீடி, தீக்குச்சி, வெப்பம் கக்கும் விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

குழாயை மாற்றும்போது கையில் கிடைத்த சாதாரண பெட்ரோல் குழாயைப் போட்டுவிடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் பெட்ரோல் அழுத்தம் கார்புரேட்டர் எஞ்சினில் இருப்பதைப்போலப் பல மடங்கு என்பதால், அதற்கென்று செய்யப்பட்ட குழாயும் குழாயைச் சுற்றிலும் சமமாக இறுக்கும் கிளாம்ப்பும் தேவை. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. 2006-இல் உங்கள் வண்டிக்குப் போட்ட ரப்பர் அந்தக் கலவையை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. ஆகவே எத்தனால் தாங்கும் குழாய் வேண்டும் என்று கடையில் கேட்டே வாங்குங்கள். ஒரு குழாய் வெடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. இருக்கைக்கு அடியில் உள்ள எஞ்சின் மூடியின் விளிம்பு ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். புகைக்குழாயில் கசிவு இருந்தால், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வரும்.

காலை ஸ்டார்ட்டிங் தொல்லையை நீங்கள் தனி நோயாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இந்தக் கசிவின் மறுபக்கமாகத்தான் படுகிறது. இரவு முழுவதும் நிற்கும்போது குழாயில் இருக்க வேண்டிய அழுத்தம் வடிந்துவிட்டால், காலையில் அது மீண்டும் சேரும்வரை ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. குழாயைச் சரிசெய்த பின், ஒரு காலை வேளையில் சாவியை 'ஆன்' செய்து இரண்டு விநாடி பொறுத்து அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பற்றிக்கொண்டால் இன்னும் அழுத்தம் எங்கோ வடிகிறது என்று பொருள். டாங்க்குக்குள் இருக்கும் பம்பின் ஒருவழி வால்வையோ, சொட்டும் இன்ஜெக்டரையோ சந்தேகிக்க வேண்டும். மாறுதல் ஏதும் இல்லையென்றால் பிளக்குகளையும் வெப்ப சென்சாரையும் பார்க்கலாம்.

இனிக் கொதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வேலைகள் செய்தும் பலன் இல்லாமல் போனதற்குக் காரணம், 'எப்போது சூடாகிறது' என்ற கேள்வியை யாரும் கேட்காமல் உறுப்புகளை மாற்றத் தொடங்கியதுதான். நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் குறை விசிறியில் இருக்கும். வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடானால், எஞ்சின் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்றும் திறன் ரேடியேட்டருக்குப் போதவில்லை என்று பொருள். எங்கும் ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பகுதிக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. திம்பம் பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி மெதுவாகத்தான் ஏறும். எதிர்க்காற்று குறைவு, எஞ்சினின் உழைப்போ உச்சத்தில் இருக்கும். பாதி அடைபட்ட ரேடியேட்டர் சமதளத்தில் தாக்குப்பிடிக்கும். மேட்டில் போய்த்தான் தோற்கும்.

போர்வெல் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால் அடைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு குழல்களின் வாயில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல வெள்ளையாகவோ, துருவோடு சேர்ந்து பழுப்பாகவோ படிவு தெரிந்தால், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். படிவு தடித்திருந்தால் அமிலம் ஊற்றிக் கழுவுவதைவிட உள்கூட்டையோ முழு ரேடியேட்டரையோ மாற்றுவதே நீடிக்கும். வெளிப்புறத் தகடுகளில் சேறும் பூச்சிகளும் அடைந்திருந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி, இருக்கும் வழியும் அடைபடும்.

விசிறியை நேரடியாக இணைத்திருப்பதால் ஒரு சோதனை மிக அவசியம். இணைப்பில் இரு கம்பிகளும் இடம் மாறியிருந்தால் விசிறி தலைகீழாகச் சுற்றும். பார்வைக்கு ஓடுவதுபோலவே இருக்கும், ஆனால் வண்டி ஓடும்போது வரும் காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்தி விசிறியை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டுங்கள். அது உள்ளிழுக்கப்பட்டுத் தகடுகளோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் பறந்தால் கம்பிகளை மாற்றிக் கொடுங்கள். திசை சரியாக இருந்தாலும், விசிறியைப் பழையபடி, சூடானால் மட்டும் ஓடவிடும் ரிலே வழியாகவே இயங்க வைப்பது நல்லது. எப்போதும் ஓடும் விசிறி தன் மோட்டாரையும் பேட்டரியையும் தேய்ப்பதோடு, ஒரு நாள் அது நின்றுபோனால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அது தவறு என்றே அழுத்திச் சொல்வேன். அது இல்லாத எஞ்சின் சமதளத்தில் தேவையான சூட்டை எட்டுவதற்கு மிகவும் தாமதமாகும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே கணினி எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் குறைந்ததற்கு விடை பெரும்பாலும் இதுதான். கசிவும் தன் பங்கைச் சேர்த்திருக்கும். புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கியதும் ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதன் உடலில் பொறித்திருக்கும் வெப்பநிலைக்கு அருகில் வால்வு திறக்கத் தொடங்கி, நீர் கொதிக்கும்போது முழுதும் விரிந்திருக்க வேண்டும். கூடவே ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது; அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் மேட்டில் பொங்கி வழிவதற்கு அதுவே போதும். விலை சிறிது என்பதாலேயே இதை யாரும் நினைப்பதில்லை.

எல்லாம் பூட்டிய பின், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட்டை நிரப்பும்போது அவசரம் கூடாது. எஞ்சின் ஓரிடத்திலும் ரேடியேட்டர் அதற்கு முன்னே தள்ளியும் இருக்கும் அமைப்பில், நடுவிலுள்ள நீண்ட குழாய்களில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்றுக் குமிழ் நிற்கும் இடத்தில் நீர் ஓட்டம் தடைபடும். முள்ளும் தாறுமாறாக ஏறி இறங்கும். வண்டியின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குமிழ்கள் அடங்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தொழிற்சாலையிலேயே கலந்து வரும் கூலன்ட்டை வாங்கினால் தண்ணீர் தேட வேண்டியதில்லை; அடர் கூலன்ட்டானால் காய்ச்சி வடித்த நீரோடு (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் கலக்கலாம்.

குமிழ்கள் அடங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் குழாய் கல்லைப்போல் இறுகினாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற பசை ஒட்டியிருந்தாலோ, இத்தனை நாள் கொதித்ததில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட் அலுமினியம் என்பதால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டாமல், லேத் பட்டறையில் கொடுத்து அதன் அடித்தளம் வளையாமல் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.

பின்னால் கேட்கும் 'டொக்' சத்தம் ஆபத்தில் அடுத்த இடத்தில் இருக்கிறது. ஆம்னி பின்சக்கரங்களால் ஓடும் வண்டி. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ இணைப்பான யு.ஜே. கிராஸ் தேய்ந்தால், கிளட்சை விடும்போதும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதும் இப்படித்தான் ஒலிக்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, வண்டிக்கு அடியில் சென்று கிராஸின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். நல்ல கிராஸில் அசைவே இருக்கக்கூடாது. அதன் கிண்ணங்களின் ஓரத்தில் செங்கல் பொடிபோலத் துரு படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங்குகள் பொடியாகி வருகின்றன என்று கொள்ளலாம். ஷாஃப்டைக் கழற்றுமுன் இரு பக்கத் தட்டுகளிலும் சாக்பீஸால் ஒரே கோடாக அடையாளம் போட்டு, திரும்ப அதே கோட்டில் பூட்டச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சத்தம் போய் அதிர்வு வந்து சேரும். கிராஸில் அசைவு இல்லையென்றால் பட்டை ஸ்பிரிங்கை வண்டியோடு இணைக்கும் சேக்கிளின் ரப்பர் உறைகளான புஷ்களைப் பாருங்கள். உர மூட்டை சுமக்கும் வண்டியில் அவை சீக்கிரம் தேயும். அடியில் இருக்கும்போதே பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் ஆயில் அளவையும் பார்த்துவிடலாம்.

கதவுக்குச் செலவு ஒன்றும் இருக்காது. தண்டவாளங்களில் கெட்டியாகியிருக்கும் மண்ணையும் பழைய கிரீஸையும் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எடுத்துவிட்டு உருளைகளைச் சுழற்றிப் பாருங்கள். தட்டையாகத் தேய்ந்தவற்றை மட்டும் மாற்றினால் போதும். மீண்டும் கிரீஸை அப்பாதீர்கள், உரத்தூளும் மண்ணும் அதில்தான் ஒட்டுகின்றன.

2006 வண்டியென்றால் பதினைந்து ஆண்டு முடிந்து 2021-இல் ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், அந்தப் புதுப்பிப்பு ஐந்தாண்டுக்குத்தான் என்பதால், அடுத்த புதுப்பிப்புக்கான தகுதிச் சோதனைக்குப் போகுமுன் பெட்ரோல் குழாயும் கிராஸும் முடிந்திருப்பது உங்களுக்கு வசதி.

வேலைகள் முடிந்ததும் முதல் முறை பாதிச் சுமையோடு மட்டும் பண்ணாரியிலிருந்து ஏறுங்கள். மூன்றாவது கியரில் எஞ்சினைத் திணறவிடாமல் இரண்டாவதில் ஓட்டுங்கள். முள் நடுக்கோட்டைத் தாண்டினால், அகலமான வளைவில் ஓரமாக நிறுத்தி, ஆவி ஏதும் வராத நிலையில் எஞ்சினை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். சூடான நிலையில் மூடியைத் திறக்கவோ எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். எத்தனையாவது வளைவில் முள் ஏறத் தொடங்கியது, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் இறங்கியது, மறுநாள் காலை கூலன்ட் எவ்வளவு குறைந்திருந்தது என்ற மூன்றையும் குறித்து எழுதுங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டியது ஹெட்டா ரேடியேட்டரா என்பதை அதை வைத்துச் சொல்லிவிட முடியும்.