மாதிரி டிராஃப்டில் கடைசிச் சுற்றுவரை உட்காருங்கள்

கேள்வி: நான் டொராண்டோவில் பணிபுரிகிறேன். அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து யாஹூவில் என்.பி.ஏ. (வட அமெரிக்கக் கூடைப்பந்து) ஃபேன்டசி லீக், அதாவது உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து மோதும் போட்டி, தொடங்குகிறார்கள். நான் ஆட்டம் பார்ப்பேனே தவிர, முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கலந்துகொண்டதில்லை. பயிற்சிக்காக நடக்கும் மாதிரி டிராஃப்டில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் என் உண்மையான அணி பாதிக்கப்படுமா? தெரிந்தவர் ஒருவர் 40 டாலருக்கு வீரர் பட்டியல் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பாதிக்காது. மாதிரி டிராஃப்டில் எடுக்கும் வீரர்களில் ஒருவர்கூட உங்கள் அலுவலக லீக்குக்கு வந்து சேரமாட்டார்; உடன் இருப்பவர்களும் முன்பின் அறியாதவர்கள் என்பதால் கூச்சமின்றி நுழையுங்கள். ஆனால் உங்கள் லீக் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ விழுக்காடு போன்ற ஒன்பது பிரிவுகளில் தனித்தனியாக மோதுவதா, எல்லாவற்றையும் புள்ளிகளாகக் கூட்டுவதா என்பதை நடத்துபவரிடம் கேட்டறிந்து, அதே அமைப்புள்ள மாதிரி டிராஃப்ட் அறையையே தளத்தில் தேர்ந்தெடுங்கள்.

பட்டியலை வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் தரவரிசையையே வண்ணம் பூசி விற்பவர்கள் ஒவ்வோர் அக்டோபரிலும் முளைக்கிறார்கள். 2025-26 பருவத்திற்கு முன்பு வாசகர் ஒருவர் பணம் கொடுத்து வாங்கி என்னிடம் காட்டிய பட்டியலில், இண்டியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்டன் இரண்டாம் சுற்றுக்குரியவராக இருந்தார். அவரோ 2025 ஜூனில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் குதிகால் தசைநார் கிழிந்து, அந்தப் பருவம் முழுவதும் ஆடமாட்டார் என்று அவருடைய அணியே அறிவித்திருந்தவர். விற்றவர் முந்தைய ஆண்டின் சராசரிகளை அப்படியே நகலெடுத்திருக்கிறார்; அந்த வாசகர் இழந்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. "உங்களுக்காக நானே டிராஃப்ட் செய்கிறேன்" என்று கடவுச்சொல் கேட்பவர்களிடமும் விலகியே இருங்கள்.

பயிற்சியில் நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் முறைகளுக்கு இடையிலான இடைவெளியை. தேர்வு வரிசை பாம்புபோல் வளைந்து திரும்பும்; ஒரு சுற்றில் கடைசியாக எடுப்பவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். 11ஆவது இடம் கிடைத்தால் 11, 14, 35, 38 என்று உங்கள் முறை வரும். 14க்கும் 35க்கும் நடுவே 20 பேர் போய்விடுவார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த ஒரே ஒருவருக்காகக் காத்திராமல், ஏழெட்டுப் பெயர்களைக் கியூவில், அதாவது உங்கள் விருப்பப் பட்டியலில், இட்டுவையுங்கள். நேரம் தீர்ந்துவிட்டாலும் கணினி அங்கிருந்துதான் எடுக்கும். யாஹூவின் வழக்கமான அமைப்பில், கூடையருகே ஆடும் சென்டருக்கு இரண்டு இடங்கள் உண்டு. புதியவர்கள் பலரும் அதை மறந்து பத்தாம் சுற்றில் தவிப்பார்கள்.

இன்னொரு தொல்லை, பலர் மூன்று நான்கு சுற்றுகளிலேயே எழுந்துபோய்விடுவது. அதன்பின் கணினியே அவர்களுக்காகத் தன் தரவரிசைப்படி எடுத்துக்கொண்டிருக்கும். பாதியில் போகிறவர்களைத் தடுக்க இத்தனை ஆண்டுகளாகியும் இந்தத் தளங்கள் உருப்படியாக எதுவும் செய்யாதது எனக்குப் புரியவில்லை. ஆளில்லாத அறையில் கிடைத்த அணியை நம்பிவிடாதீர்கள். எனினும் 13 சுற்றுகளும் உட்கார்ந்திருங்கள், ஏனெனில் பெயர் தெரியாத வீரர்களை அறிமுகம் செய்வது அந்தப் பின்சுற்றுகள்தான்.

தரவரிசையில் மேலே இருப்பவரை எடுப்பதே புதியவருக்குப் பாதுகாப்பு. அதற்கு ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நட்சத்திர வீரர் யானிஸ் ஆன்டெடோகும்போ 2024-25இல் ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) எட்டியது ஏறக்குறைய 62 விழுக்காடுதான். எறிந்ததோ ஆட்டத்துக்குப் பத்துக்கும் மேல். விழுக்காடு உங்கள் அணி முழுவதன் எறிதல்களையும் சேர்த்தே கணக்கிடப்படும். அவர் பத்தில் ஆறு போட, இன்னொருவர் இரண்டுக்கு இரண்டும் போட்டாலும், மொத்தம் பன்னிரண்டில் எட்டு, அதாவது 67 விழுக்காடுதான் வரும். அந்த இன்னொருவரின் நூறு விழுக்காட்டால் பயனில்லை. எனவே ஒன்பது பிரிவு லீக்கில் யானிஸை எடுத்தால் ஃப்ரீ த்ரோ விழுக்காட்டையே கைவிட்டு, அதில் பலவீனமான, ஆனால் ரீபவுண்டும் (தவறிய பந்தைப் பிடிப்பது) பிளாக்கும் (எதிரணியின் எறிதலைத் தடுப்பது) தரும் சென்டர் ரூடி கோபேர் போன்றவர்களைத் துணிந்து சேர்க்கலாம். புள்ளி லீக்கில் விழுக்காடு தனிப் பிரிவாக இல்லை. யாஹூவின் வழக்கமான புள்ளிக் கணக்கில் தவறிய எறிதலுக்குக் கழிவும் இல்லை. அங்கே இந்தக் கவலையின்றி யானிஸை எடுங்கள்.

முதல் மாதிரியில் யானிஸை எடுத்தும், அடுத்ததில் அவரை விட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் மூன்றாவது, நான்காவது முறைகளின்போது யார் யார் மீதமிருந்தார்கள் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து அறைகளுக்குப் பின் அந்தத் தாளில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அலுவலக டிராஃப்ட் அன்று உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.