அண்ணன் அட்வான்ஸ் வாங்கிவிட்டார், ஆர்கனைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் குன்னூரில் வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். ஊரைவிட்டுப் போன துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த மின் ஆர்கன் (கீபோர்டு வைத்த இசைக்கருவி) அம்மா வீட்டில் இருக்கிறது. போன வருடம் அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கோவையிலிருக்கும் அண்ணன் அம்மாவையும் என்னையும் கேட்காமல், பழைய பொருள் வியாபாரியிடம் 25,000 ரூபாய்க்குப் பேசி 5,000 அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அது 'ஹாமண்ட்' ஆர்கன், பல மடங்கு விலை போகும் என்று இப்போதுதான் தெரிந்தது. வண்டி அனுப்புகிறேன் என்கிறார் வியாபாரி. தடுக்க முடியுமா?

பதில்: தடுக்கலாம். ஆனால் விலையைக் காரணம் காட்டி அல்ல.

"மதிப்பு தெரியாமல் விற்றுவிட்டோம்" என்பது கோர்ட்டில் நிற்காது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20-வது பிரிவிலேயே, பொருளின் மதிப்பைத் தவறாக எண்ணியது ஒப்பந்தத்தைக் கெடுக்கும் தவறாகாது என்ற விளக்கம் இருக்கிறது. வியாபாரி வாய் திறக்காமல் இருந்ததும் பொதுவாக மோசடி ஆகாது. "இது உள்ளூரில் கோத்த பெட்டி, மரத்துக்குத்தான் காசு" என்று தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் கதை வேறு, அண்ணனிடம் கேளுங்கள். எழுத்தில் எதுவும் இல்லையே என்றும் வாதாட வேண்டாம். அசையும் பொருளை வாய்ப்பேச்சிலேயே விற்கலாம்.

உங்கள் பலம் பங்கில் இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி உயில் இல்லாத கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் இரண்டே பிள்ளைகள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அண்ணன் தன் பங்கைத்தான் விற்க முடியும். மற்ற பங்குதாரர்களின் அனுமதியோடு பொருளைத் தனியாகத் தன் வசம் வைத்திருக்கும் ஒருவரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கினால் முழு உரிமையும் கிடைக்கும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. வியாபாரி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார். ஆர்கன் அம்மா வீட்டில் இருப்பதால் அது அவருக்கு உதவாது. அதனால்தான் அதை வீட்டைவிட்டு நகரவிடாதீர்கள் என்கிறேன். ஒன்று மட்டும்: அம்மா போனிலோ வாட்ஸ்அப்பிலோ "சரி, கொடுத்துடு" என்று சொல்லியிருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

அம்மாவும் நீங்களும் சேர்ந்து வியாபாரிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 5,000 ரூபாயை அண்ணன் வங்கி வழியாகத் திருப்பிவிடட்டும். வியாபாரி வாங்க மறுத்தாலும் அனுப்பிய பதிவு இருக்கும். அதிகபட்சம் அண்ணன் மீது நஷ்டஈடு கேட்பார். ஸ்டேஷனுக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வந்து பலவந்தமாகத் தூக்கினால் மட்டும் 112-ஐ அழையுங்கள். வழக்கு வந்தால், பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே அம்மாவுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

தொல்பொருள் சட்டம் குறுக்கே வருமா என்று பயப்பட வேண்டாம். அதற்கு நூறு வயது வேண்டும். ஹாமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்ததே 1935-இல்தான்.

இனி விலை. ஹாமண்ட் என்ற பெயர் மட்டும் விலையைச் சொல்லாது. இரண்டு கீபோர்டிலும் 61 கட்டைகள், இடப்பக்கம் நிறம் மாறிய 12 கட்டைகள் கூடுதலாக இருந்தால் பி-3, சி-3 போன்ற பெரிய மாடலாக இருக்கலாம். அந்த இரண்டுக்கும் உள்ளே ஒரே இயந்திரம், மரப்பெட்டிதான் வேறு. 44 கட்டைகள் என்றால் எம்-3 போன்ற சிறிய மாடல், விலையும் கம்மி. பின்பக்கத் தகட்டில் மாடல், வரிசை எண், வோல்ட், சைக்கிள் (மின்சாரத்தின் அதிர்வெண், ஹெர்ட்ஸ்) எல்லாம் இருக்கும், படம் எடுத்துவையுங்கள். 60 சைக்கிள் என்றிருந்தால் அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. நம் 50 சைக்கிளில் மோட்டார் மெதுவாகச் சுற்றி, சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் சரிசெய்யும், சைக்கிளை அல்ல. அதற்கேற்ப விலையும் குறையும். குன்னூர் ஈரத்தில் இத்தனை வருடம் கிடந்ததை, தெரிந்த மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை பிளக்கில் செருகாதீர்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், அதையும் வாங்க வரும் ஆளிடமே கேட்காதீர்கள்.