காலியான தட்டில் என்ன வைப்பது?

உணவு ஆலோசகர் பதில்கள்

கேள்வி: எடை குறைக்க, கார்போஹைட்ரேட்டை (மாவுச்சத்து, சர்க்கரை) குறைக்கும் லோ கார்ப் உணவுக்கு மாறினேன். சில நாள் ஒழுங்காகப் போகிறது. அப்புறம் 'இன்றைக்கு என்ன செய்வது' என்று யோசித்தே சலித்துப்போய், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போலத்தான் சாப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் தனியாகச் சமைக்க நேரமில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் எடுக்கிறேன். தினசரி உணவை எப்படித் திட்டமிடுவது? - ஒரு வாசகி

பதில்: முதலில் மாத்திரை விஷயம். இந்த உணவுமுறையைத் தொடரும் முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று கார்போஹைட்ரேட்டைக் குறைத்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் அதில் உண்டு. மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இனி சமையல். தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். இந்த உணவுமுறையைப் பாதியில் விட்டவர்கள் பலரிடம் நான் கண்ட காரணம் இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம்தான். எல்லோருக்கும் ஒரே மீன், ஒரே கோழி, ஒரே காய் செய்யுங்கள். மற்றவர்கள் அதோடு சோறோ ரொட்டியோ சேர்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அதற்குப் பதிலாகக் காயையும் புரதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

'கூட்டிக்கொள்ளுங்கள்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். 300 கிராம் சோற்றை நிறுத்தினால் சுமார் 85 கிராம் கார்போஹைட்ரேட் குறைகிறது, நல்லதுதான். கூடவே 390 கலோரி அளவுக்கு உணவும் போய்விடுகிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் மாலை ஐந்து மணிக்குப் பசி கொல்லும், கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். உங்கள் சலிப்பில் பாதி இந்தப் பசிதான் என்பது என் கணிப்பு.

அதனால் வாரத் திட்டத்தைப் புரதத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். முட்டை, மீன், கோழி, டோஃபு (சோயா பனீர்): நான்கு போதும், மாறி மாறி வரட்டும். இரவுக்குக் கோழி செய்தால் மறுநாள் மதியத்துக்கும் சேர்த்தே செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். அவித்த முட்டை ஓடு உரிக்காமல் அங்கே ஒரு வாரம் தாங்கும். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் கிடைக்கிறது, கார்போஹைட்ரேட் ஒரு கிராம்தான்.

அடுத்தது காய். கீரை, முட்டைக்கோஸ், காளான், கத்தரிக்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் சோற்றின் கணக்கில் சேரும். காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி செய்பவர்கள் தண்ணீர் தெளிக்காமல், மூடி போடாமல், ஐந்து நிமிடம் வதக்கினால் போதும். மூடினால் குழைந்துவிடும். குழம்பைக் கெட்டியாக்க சோளமாவுக்குப் பதில் அரைத்த பாதாம் போடலாம்.

குடிப்பதையும் எழுதுங்கள். 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்த்த காபி நான்கு கப் குடித்தால், அதிலேயே 50 கிராம் கார்போஹைட்ரேட் வந்துவிடும். நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே என்பதுதான் லோ கார்ப் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 50-க்கும் கீழே போகும் கீட்டோ முறை உங்களுக்கு வேண்டியதில்லை. 100 முதல் 120 வரை வைத்துக்கொண்டால் பருப்புக்கும் இடம் இருக்கும். அதிலுள்ள நார்ச்சத்தை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஆரம்பித்த வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது, ஆனால் தலைவலி, சோர்வு. இது சரியா? - ஒரு வாசகர்

பதில்: குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது, சிறுநீரில் உப்பும் போகிறது. தலைவலி பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உணவில் உப்பைச் சுத்தமாகக் குறைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பு விஷயத்தில் மருத்துவர் சொல்வதே முடிவு. தலைவலியும் சோர்வும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் அவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழம் சாப்பிடலாமா? - ஒரு வாசகி

பதில்: சாப்பிடலாம், அளவோடு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது, 100 கிராம் ஸ்ட்ராபெரியில் 8 கிராம்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம்.