என் இரண்டு முழங்கால்களும் ஆறிய விதம்

கேள்வி: முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரமாகியும் என் அம்மாவுக்குக் காயம் முழுதாக ஆறவில்லை. வீட்டுப் பிரச்சினைகளை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறார். மனநிலைக்கும் உடல் குணமாவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? கவலைப்படாமல் ஓய்வெடுக்கும்படி அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

தொடர்பு உண்டு. ஆனால் புரியவைக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவின் இடத்தில் படுத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். "கவலைப்படாதே" என்ற சொல்லை அந்த நாட்களில் நான் கேட்ட அளவுக்கு வேறெந்தச் சொல்லையும் கேட்டதில்லை, அது ஒரு நாளும் எனக்கு உதவியதில்லை.

நான் மருத்துவர் அல்ல. வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன், முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கரும்பலகையின் முன் நின்றே தேய்ந்த முழங்கால்கள் இரண்டையும் மாற்றிக்கொண்டேன். 2016 பிப்ரவரியில் வலது, 2018 ஆகஸ்டில் இடது. அதே மருத்துவமனை, அதே மருத்துவர், அதே வகை செயற்கை மூட்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்துவிட்டதால், பணக்கவலைகூட இரண்டாம் முறை குறைவாகவே இருந்தது. ஆனால் வலது கால் ஆறிய விதத்துக்கும் இடது கால் ஆறிய விதத்துக்கும் கொஞ்சமும் ஒற்றுமை இல்லை.

அதைச் சொல்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஐந்து வாரத்தில் காயம் ஆறவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது மனதை அல்ல. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இரத்தசோகை இருக்கிறதா, சாப்பாட்டில் புரதம் போதுமா, காயத்தில் கிருமித்தொற்று இருக்கிறதா என்பவற்றைப் பார்த்தாக வேண்டும். செயற்கை மூட்டு வைத்த காலில் நீரோ சீழோ கசிந்தால் அது வெறும் தோல் விவகாரம் அல்ல. தொற்று உள்ளே மூட்டு வரை இறங்கினால் மறுபடியும் திறக்க நேரிடும். எனவே அறுவை செய்த மருத்துவரிடமே உடனே காட்டுங்கள். மனத்தைப் பற்றி நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் இதைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. என் மருத்துவரும் இவை எல்லாவற்றையும் சோதித்து, ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே வேறு பேச்சை எடுத்தார்.

முதல் முறை என் கணவர் உயிருடன் இருந்தார். பால் வந்ததா, சிலிண்டர் பதிவு செய்தாயிற்றா, மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு என்ற எதுவும் என் காதுக்கு வரவில்லை. மயிலாடுதுறையிலிருந்து என் அக்கா வந்து ஐந்து வாரம் தங்கினார். கட்டிலுக்கு எதிரே இருந்த சன்னலில் தெருவோரத் தூங்குமூஞ்சி மரம் தெரியும். பதினான்காம் நாள் தையல் பிரித்தபோது காயம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஆறாம் வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

இரண்டாம் முறைக்குள் நிறைய மாறிவிட்டது. அந்த மரம் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வேரோடு சாய்ந்தது. மறு ஆண்டு கணவர் போய்விட்டார். மகன் பெங்களூரில் இருந்து ஒரு வாரம் விடுப்பில் வந்தான். பிறகு பகல் நேரத்துக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அறுவை முடிந்த எட்டாம் நாள் என் அண்ணன் பழங்களோடு பார்க்க வந்தார். பழப்பைக்குள் விடுதலைப் பத்திரத்தின் நகல் ஒன்றும் இருந்தது. அப்பா தம் சம்பாத்தியத்தில் அயனாவரத்தில் கட்டி, உயில் எழுதாமல் விட்டுப்போன வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக நான் கையெழுத்திட வேண்டுமாம். "போட்டுவிட்டால் உனக்கும் மனக்கவலை தீரும், நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வாக்கரின் துணையின்றிக் கழிவறைக்குக்கூடப் போக முடியாத நிலையில் அந்த வாக்கியத்தைக் கேட்டேன்.

அதன்பின் தினமும் தொலைபேசி வந்தது. அண்ணன் பேசுவார், இல்லையென்றால் அண்ணி பேசுவார், சில நாட்களில் அவர்கள் சொல்லிக்கொடுத்து ஒரு தூரத்து உறவினர் பேசுவார். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே இருப்பேன். மூன்றாம் வாரம் தையல் பிரித்த இடத்தின் கீழ்முனை வாய் பிளந்து நீர் கசிந்தது. முட்டி எழுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை. வலது கால் அதே நாட்களில் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

காரணத்தை முதலில் கண்டுகொண்டவர் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த இளம் பிசியோதெரபிஸ்ட். ஒரு நாள் அவர் என் காலை மடக்கிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் இருந்த கைப்பேசி ஒலித்தது. அவர் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்துவிட்டு, "அம்மா, நீங்கள் வலிக்காகக் காலை இறுக்கவில்லை, போன் மணிக்காக இறுக்குகிறீர்கள்" என்றார். என் தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல்லாக இருந்தது. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் எனக்குத் தெரியாமலேயே நடந்தன.

இதற்கு உடலில் என்ன வழி என்பது நான் வகுப்பறையில் பலமுறை கற்பித்த பாடம்தான். என் காலோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. காயம் ஆறுவதற்கு முதல் வேலை அங்கே அழற்சி உண்டாவது. வெள்ளணுக்கள் வந்து குவிந்து, இறந்த திசுவையும் கிருமிகளையும் அகற்றினால்தான் அடுத்த கட்டத்தில் கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னப்பட்டு மேலே புதுத் தோல் மூடும். சிவப்பும் வீக்கமும் கெடுதி என்று நாம் நினைக்கிறோம். முதல் நாட்களில் அவை வேலை நடப்பதற்கான அடையாளம். அச்சத்திலும் ஓயாத கவலையிலும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும்போது, வெள்ளணுக்களை அழைக்கும் அந்தச் சமிக்ஞைகள் அடங்கிப் போகின்றன. ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்பது பலருக்கும் தெரியும். கார்ட்டிசோல் அந்த மருந்துகளின் இனத்தைச் சேர்ந்ததுதான், நம் உடலே தயாரிப்பது. தூக்கமும் இதில் சேர்கிறது. திசுக்களைப் பழுதுபார்க்க உதவும் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில். அந்த உறக்கம்தான் எனக்கு இல்லாமல் போனது.

இதெல்லாம் ஆசிரியையின் கற்பனை என்று சொல்ல வருபவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைக் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் உடன் பணியாற்றியவர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயதுப் பெண்கள் 13 பேருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக ஆயின. 1998-இல் வெளியான இரண்டாவது ஆய்வில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு காயமும், தேர்வுக்கு மூன்று நாட்கள் முன்பு மற்றொன்றும் ஏற்படுத்தினார்கள். தேர்வுக் காலக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாட்கள், அதாவது நாற்பது விழுக்காடு, கூடுதலாயிற்று. பதினொருவரில் ஒருவருக்குக்கூடத் தேர்வுக் காலத்தில் விடுமுறையின் வேகத்தில் ஆறவில்லை. என்னை உலுக்கியது இந்த இரண்டாவது ஆய்வு. அவர்கள் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. ஒரே ஆளின் இரண்டு காயங்களை ஒப்பிட்டார்கள்.

என் கதையில் ஓட்டைகள் உண்டு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இரண்டரை வயது கூடியிருந்தது. இடது முட்டி வலதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. மரம் போனதையும் ஒரு காரணமாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள் சன்னலில் மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இருந்தாலும் ஒரு மரத்தின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற எனக்கு மனமில்லை.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஐந்தாம் வாரம் அக்கா மறுபடி வந்த பிறகு நடந்ததை. அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. வந்த அன்றே கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கித் தம் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். மாலையில் அண்ணன் அழைத்தபோது அவரே எடுத்து, "தம்பி, இவள் தெருமுனை வரைக்கும் தானாக நடக்கிற நாளில் நானே உன்னைக் கூப்பிடுகிறேன். அதுவரை இந்த வீட்டு வாசலுக்கும் வராதே, இந்த எண்ணுக்கும் அழைக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டார். இரவில் என் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுத்தார். பங்குத் தகராறு தீரவில்லை, பத்திரம் கிழிக்கப்படவில்லை, என் உரிமையில் ஓர் அங்குலமும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் அன்றிரவு காவல் காக்க வேண்டியவள் நான் அல்ல என்பது என் உடலுக்குத் தெரிந்துவிட்டது. காலை ஐந்தரை வரை தூங்கினேன். பன்னிரண்டு நாட்களில் கசிவு நின்று காயம் மூடியது. ஒன்பதாம் வாரம் முட்டி நூற்றைந்து பாகை மடங்கியது. அக்கா வந்த அதே வாரத்தில் மருத்துவர் வலிமருந்தை இரவு நேரத்துக்கு மாற்றியிருந்தார், காயத்துக்கு வேறு வகைக் கட்டும் போட்டார். அவற்றின் பங்கை நான் மறைக்கவில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னும் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. மனத்துக்கும் உடலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு நோயாளியைக் குற்றவாளியாக்கப் பயன்படுகிறது. "நீ கவலைப்படுவதால்தான் ஆறவில்லை" என்று என்னிடம் சொன்னவர்களுள் அந்தக் கவலையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். காயத்தோடு இருப்பவருக்குத் தம் காயத்துக்குத் தாமே காரணம் என்ற இன்னொரு கவலையையும் சேர்த்துக் கொடுப்பது எப்படி மருந்தாகும்? மருத்துவமனையிலும் இதே கதைதான். நன்றாக ஓய்வெடுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். இரவு முழுதும் கூடத்தில் விளக்கு எரியும், நான்கு மணிக்கு எழுப்பி இரத்தம் எடுப்பார்கள், உடனிருக்கும் ஒருவருக்கு ஒரு நாற்காலிதான். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிக்கான கட்டணத்தையும் என் காப்பீட்டு நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிட்டது.

ஓய்வு என்பதை நீங்களும் படுத்துக் கிடப்பது என்றே எண்ணியிருக்கலாம் என்பதால் இதையும் எழுதுகிறேன். மூட்டு மாற்றியவர் படுத்தே கிடந்தால் தொடைத் தசை மெலியும், முட்டி விறைக்கும், காலின் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். மருத்துவர் சொன்ன அளவுக்கு நடக்கவும் மடக்கவும் வேண்டும், அது வலிக்கத்தான் செய்யும். உங்கள் அம்மாவுக்கு வேண்டிய ஓய்வு பொறுப்பிலிருந்து விடுபடுவது. அதை அவர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது, வேறொருவர் அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டால்தான் கிடைக்கும். இரவுச் சமையல் யார் கையில், வாசல் மணி அடித்தால் எழுவது யார், கடன்காரருக்கோ உறவினருக்கோ பதில் சொல்வது யார் என்று பாருங்கள். அந்த இடங்களில் எல்லாம் அவர் பெயர் இருந்தால், கட்டிலில் படுத்திருந்தாலும் அவர் வேலையில்தான் இருக்கிறார்.

வீட்டுப் பிரச்சினை எது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. அதில் உங்களுக்கோ உங்கள் உடன்பிறந்தவர்களுக்கோ பங்கு இருக்குமானால், மூன்று மாதத்துக்கு அந்தப் பேச்சை எடுக்கப்போவதில்லை என்று எல்லோரும் முடிவுசெய்து, அதை இன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நாளை காலை முதல் வேலையாக அவரை அறுவை செய்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அவருடைய கைப்பேசி உங்கள் பையில் இருக்கட்டும்.